வீட்டுக்கடனுக்கு வங்கி ஏற்கும் சட்டத்தரணியை யாழ்ப்பாணத்தில் தெரிவுசெய்வது எப்படி

காணி வாங்க அல்லது வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டால், வருமானக் கடதாசிகளைப் பார்த்தபின் ஒரு பெயர்ப்பட்டியலைத் தருவார்கள். அதில் இருக்கும் சட்டத்தரணி நொத்தாரிசுகளில் ஒருவர்தான் காணியின் உரித்தைத் தேடி அறிக்கை எழுதவேண்டும். ஈட்டுறுதியையும் பெரும்பாலும் அவரே முடிப்பார். முகாமையாளர் விரல் வைத்த பெயரை எடுத்துக்கொண்டு வெளியே வருபவர்கள்தான் அதிகம். பட்டியலில் உள்ள எல்லோரும் வங்கிக்கு ஒன்றுதான். உங்களுக்கு அப்படியல்ல.

கட்டணத்தை நீங்கள் கட்டினாலும் அந்தச் சட்டத்தரணியின் கட்சிக்காரர் வங்கி. ஒரு கோடி ரூபாவுக்குக் காணி வாங்குகிறீர்கள், வங்கி 60 இலட்சம் தருகிறது, உங்கள் கைக்காசு 40 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடன் நின்றுபோனால் காணியை விற்று 60 இலட்சத்தையும் வட்டியையும் எடுக்கமுடியுமா என்பதுதான் வங்கியின் கேள்வி. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விடும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தந்திருக்கிறது. காணியின் பெறுமதி குறைந்தாலோ பிணக்கு எழுந்தாலோ முதலில் கரைவது உங்கள் 40 இலட்சம். அதனால் பட்டியலுக்குள்ளேயே, வங்கி கேட்பதற்கு மேலும் தேடிப் பார்ப்பவரைத்தான் நீங்கள் பிடிக்கவேண்டும்.

வங்கிக் கிளையில் கேட்கவேண்டியவை

சட்டத்தரணியிடம் போகமுன் கடனுக்கான கொள்கையளவிலான ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வங்கியின் பட்டியல் சட்டத்தரணி எழுதிய உரித்து அறிக்கையை இன்னொரு வங்கி வழமையில் ஏற்காது. அறிக்கை எடுத்தபின் வருமானம் போதாதென்று முதல் வங்கி மறுத்தால், இரண்டாவது வங்கியில் தேடுதல் செலவை மறுபடி கட்டவேண்டிவரும்.

பட்டியலை முழுதாகக் கேளுங்கள், ஒரு பெயரோடு திரும்பாதீர்கள். இந்தக் கடன் தொகைக்கு எல்லோரும் எழுதலாமா, அறிக்கைக்கு முடிவு சொல்வது கிளையா கொழும்பிலுள்ள சட்டப் பிரிவா, காணியை உங்கள் பெயருக்கு மாற்றும் அறுதி உறுதியையும் அவரே எழுதவேண்டுமா அல்லது உங்கள் நொத்தாரிசு எழுதலாமா, எத்தனை ஆண்டு உரித்துத் தேடுதல் வேண்டும் என்ற நாலு விஷயத்தையும் அங்கேயே தெளிவாக்குங்கள். வங்கிகள் பொதுவாக 30 ஆண்டு உறுதித் தொடரைக் கேட்கும். கோப்பு கொழும்புக்குப் போவதானால் இன்னொன்றும் சேர்கிறது. யாழ்ப்பாணத்து உறுதிகள் தமிழில் இருக்கும், அங்கே அறிக்கை ஆங்கிலத்தில் வாசிக்கப்படும். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை), கிணற்றுப் பங்கு என்பவற்றைக் கொழும்பில் இருப்பவருக்கும் விளங்க எழுதத் தெரிந்தவர் கிடைத்தால், கேள்விக் கடிதங்கள் போய்வரும் கிழமைகள் மிச்சம்.

யாரை விலக்குவது

நொத்தாரிசின் நியமனப் பத்திரத்தில் அவர் தொழில் செய்யக்கூடிய பிரதேசமும் உறுதி எழுதக்கூடிய மொழியும் குறிப்பிடப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் சான்றிதழும் எடுக்கவேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லிக் கேட்பதில் குறைவொன்றுமில்லை. முகம் சுளிப்பவரை விட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.

விற்பவரின் உறவினர், தரகர் கூட்டிக்கொண்டு போகும் ஆள், விற்பவரின் வேறு வழக்குகளில் நிற்பவர் ஆகியோரை விலக்குவது தெரிந்த கதை. பலர் கவனியாதது ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் சிறிய ஊர். உங்கள் காணியின் உறுதித் தொடரில் ஓர் உறுதியை, பட்டியலில் இருக்கும் அதே நொத்தாரிசே 15 ஆண்டுக்கு முன் முடித்திருக்கலாம். தன் உறுதியில் உள்ள பிழையைத் தானே அறிக்கையில் எழுத யாருக்கும் கை வராது. ஒவ்வோர் உறுதியின் கடைசியிலும் நொத்தாரிசின் அத்தாட்சியும் பெயரும் இருக்கும். அவற்றை முதலில் வாசித்துவிட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

பிறகு கந்தோருக்குப் போய் இரண்டு மூன்று கேள்வி கேட்டால் ஆள் எப்படியென்று தெரிந்துவிடும். "சேர், பதிவகத்தில தேடுறது நீங்களோ கிளாக்கரோ?", "ஒரு தோம்புப் பக்கம் மட்டும் பாப்பியளோ, பழைய பக்கங்களுக்கும் போவியளோ?", "கையெழுத்து வைக்கிற அண்டைக்குத் திரும்ப ஒருக்காத் தேடுவியளோ?" தோம்பு என்பது பதிவகத்திலுள்ள காணிப் பதிவேடு. கிளாக்கர் தேடுவது குற்றமில்லை, நல்ல கிளாக்கர் பல சட்டத்தரணிகளைவிடக் கெட்டிக்காரர். அவர் கொண்டுவந்த குறிப்பை யார் வாசிக்கிறார் என்பதுதான் கேள்வி. எந்த ஆவணத்தையும் பார்க்கமுன்னரே "பிரச்சினையில்லை, ரெண்டு கிழமையில முடிச்சுத் தாறன்" என்பவரைவிட, "தாய் தேப்பன்ர உறுதியளையும் கொண்டு வாங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன்" என்பவர் மேல்.

இந்த மண்ணுக்குரிய சிக்கல்கள்

ஒரு சட்டத்தரணியின் தரத்தை அளக்க வேறெதுவும் வேண்டாம். கீழே வருபவற்றில் எத்தனையை நீங்கள் சொல்லாமல் அவரே கேட்கிறார் என்று பாருங்கள்.

முதலாவது, காணியின் பெயர். இங்கே காணிகளுக்குப் பெயருண்டு. ஒரே காணி தாயின் சீதன உறுதியில் ஒரு பெயரிலும், பேரனின் நன்கொடை உறுதியில் சற்று மாறிய பெயரிலும் இருக்கும். எல்லைகளும் "கிழக்கு: இன்னாரின் ஆதனம்" என்று அந்தக் காலத்து அயலவரின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். பெயரும் எல்லையும் மாறும்போது காணிப் பதிவகத்தில் உறுதி வேறொரு பக்கத்தில் ஏறிவிடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் தேடினால் காணி துப்புரவாகத் தெரியும், மற்றப் பக்கத்தில் ஒரு ஈடோ விற்பனையோ கிடக்கும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, விலை கொடுத்து வாங்கி உரிய பக்கத்தில் முதலில் பதிந்தவரின் உறுதி, பதியாத முந்திய உறுதியை வெல்லும். எனவே தேடுதல் எந்தெந்தத் தொகுதி, எந்தெந்தப் பக்கம் என்று அறிக்கையில் எழுதப்பட்டிருக்கவேண்டும். "தேடினேன், தடையில்லை" என்ற ஒற்றை வரி போதாது.

அடுத்தது சீவிய உரித்து. பெற்றோர் பிள்ளைக்குக் காணியை நன்கொடையாக எழுதும்போது தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். அந்தத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தால், அவர் உரித்தை விட்டு எழுதவேண்டும் அல்லது ஈட்டுறுதியில் தானும் ஒப்பமிடவேண்டும். இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். நன்கொடையை நன்றிகேட்டின் பேரில் மீளப்பெறும் கேள்வியும் உண்டு. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப்பின் அதற்கு நீதிமன்றம் போகவேண்டும் என்றாலும், அண்மையில் எழுதிய நன்கொடை உறுதியென்றால் கொடுத்தவரின் சம்மதக் கையெழுத்தைக் கேட்கும் சட்டத்தரணி உங்களுக்கு நல்லதே செய்கிறார்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மூன்று இடத்தில் குறுக்கே வரும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க, யாழ்ப்பாணத்துக்குரிய திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். விற்பவர் பெண்ணானாலும் சரி, கடன் எடுப்பவர் பெண்ணானாலும் சரி. கணவன் காணாமற்போனவர், அல்லது விட்டுப் போய்விட்டார் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அந்த விண்ணப்பத்துக்கு மாதங்கள் போகும், அதை முதல் நாளே சொல்லும் சட்டத்தரணி வேண்டும். இரண்டாவது, தேடியதேட்டம். திருமணத்துக்குப்பின் விலைக்கு வாங்கிய காணி கணவன் பெயரில் மட்டும் இருந்தாலும், ஒருவர் இறந்தபின் மற்றவர் தனியே முழுவதையும் விற்றுவிட முடியாது. பிள்ளைகளின் பங்கு கணக்கில் வரும். மூன்றாவது, முன்கொள்வனவு உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி இணைச் சொந்தக்காரருக்கும், விற்பவர் இறந்தால் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும், வெளியாருக்கு விற்கமுன் வாங்கும் முன்னுரிமை உண்டு. நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுத்திருக்கவேண்டும், அல்லது அவர்கள் உறுதியிலேயே சம்மதித்துக் கையொப்பமிடவேண்டும். இதை விட்டுவிட்டு வாங்கினால், வங்கி ஏற்ற காணியென்றாலும் சித்தப்பா மகன் வழக்குப் போடலாம்.

பிரிக்கப்படாத பங்கை வங்கிகள் பெரும்பாலும் ஈடாக ஏற்பதில்லை. "மேற்படி காணியில் நாலில் ஒரு பங்கு" என்று உறுதி சொன்னால், எல்லாப் பங்காளரும் சேர்ந்து நில அளவைப் படத்தோடு பிரிவினை உறுதி எழுதவேண்டும். ஒருவர் கனடாவிலும் ஒருவர் சுவிஸிலும் இருந்தால் அட்டோர்னித் தத்துவம், அதாவது தங்கள் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், தேவை. அது இலங்கைத் தூதரகம் ஊடாகவோ அந்நாட்டு நொத்தாரிசு முன்னோ ஒப்பமிடப்பட்டு, கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தப்பட்டு, இங்கே பதியப்பட்டிருக்கவேண்டும். தத்துவத்தில் "இந்தக் காணியை விற்க", "ஈடு வைக்க" என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "பராமரிக்க" என்ற சொல்லை வைத்து விற்கமுடியாது. கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் போய்விடும். அவர் உயிரோடிருக்கிறார் என்பதைக் கையெழுத்து நாளில் ஒரு வீடியோ அழைப்பிலாவது உறுதிசெய்யும் சட்டத்தரணிகள் உண்டு. அது அதிகப்படியான கவனமில்லை.

வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தவரை உங்களோடு இணை வாங்குபவராகச் சேர்க்க நினைத்தால் முதலே சொல்லுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்குத் தடையில்லை.

1995 இடப்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ. மூல உறுதி இல்லையென்றால் பதிவகத்திலுள்ள இரட்டைப்பிரதியிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் மூலம் தொலைந்ததா, இன்னொருவரிடம் ஈடாகக் கிடக்கிறதா என்பதை அந்தப் பிரதி சொல்லாது. பொலிஸ் முறைப்பாடும் சத்தியக்கடதாசியும் கேட்பார்கள், சில வங்கிகள் அப்படியும் ஏற்காது. சட்டத்தரணியைத் தெரிவுசெய்யமுன் இதைக் கிளையில் கேட்டுவிடுங்கள்.

"நீண்டகாலமாக ஆண்டு அனுபவித்து வருகிறேன்" என்று ஒருவர் தானே எழுதிய பிரகடன உறுதியில் தொடங்கும் உரித்து எங்கும் பலவீனமானது, வடக்கில் இன்னும் பலவீனம். ஆட்சியுரிமைக்குப் பத்தாண்டு என்பது பொதுவிதி. இடம்பெயர்ந்து தன் காணிக்கு வரமுடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடுவதைத் தடுக்க 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது தொடுகிறது. அந்த ஆண்டுகளை உள்ளடக்கிய ஆட்சியை நம்பி எழுதிய உறுதியைக் கண்டும் கேள்வி கேட்காதவரிடம் உங்கள் பணத்தை ஒப்படைக்காதீர்கள்.

படம், பாதை, கிணறு பற்றிச் சுருக்கமாக. வரகு விதைப்பு அளவில் ஒரு பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். வயற்காணி உறுதிகளில் வரும் நெல் விதைப்புப் பரப்பு வேறு அளவு, இரண்டையும் குழப்பினால் விலையே மாறிவிடும். உறுதியில் 3 பரப்பு, சேவயர் அளந்தால் 2 பரப்பு 14 குழி என்றால் வங்கி சிறியதையே எடுக்கும். வலிகாமம் வடக்கில் பல ஆண்டு மூடிக்கிடந்து விடுவிக்கப்பட்ட இடங்களில் வேலியும் எல்லைக்கல்லும் போயிருக்கும், புதிய அளவை இல்லாமல் நகராதீர்கள். ஒழுங்கை யாருடையது, பாதை உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா, கிணறு பொதுவா, பங்கு எத்தனை, வழிவாய்க்கால் யாருடைய நிலத்தால் போகிறது என்பதெல்லாம் அட்டவணையில் வரவேண்டும். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ எடுக்கும் வீதிக்கோட்டுச் சான்றிதழ், கட்டியிருந்தால் அனுமதிபெற்ற கட்டடப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றையும் அவர் கேட்பார்.

அரச காணி அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் என்றால் பாதையே வேறு. பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள், சட்டத்தரணியிடம் அல்ல.

காசு

கட்டணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: தேடுதல், உரித்து அறிக்கை, அறுதி உறுதி, ஈட்டுறுதி, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். உறுதிக்கான நொத்தாரிசுக் கட்டணம் பெறுமதியில் 1 சதவீதம் அளவில் கேட்கப்படுவது வழமை, பேசிக் குறைக்கலாம். முத்திரைத் தீர்வையில் பேச இடமில்லை. விற்பனையில் முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். ஒரு கோடி ரூபாக் காணிக்கு 3,000 கூட்டல் 3,96,000, மொத்தம் 3,99,000 ரூபா. விலையைக் குறைத்து எழுதினால் மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியில் மீதியைக் கேட்கலாம். கடனுக்கும் அது இடிக்கும், உறுதியில் 60 இலட்சம் என்று எழுதிவிட்டு வங்கியில் ஒரு கோடி என்று சொல்லமுடியாது. குறைத்து எழுதச் சொல்லித் தானே யோசனை தரும் சட்டத்தரணி வேறு எதிலெல்லாம் குறுக்குவழி போவார் என்று யோசியுங்கள்.

அறிக்கை பாதகமாக வந்தாலும் அறிக்கைக் கட்டணம் கட்டத்தான் வேண்டும். அதனால் விற்பவரிடம் உறுதி இலக்கமும் பதிவுத் தொகுதி, பக்கமும் வாங்கி, கட்டணம் கட்டிப் பதிவகத்தில் பதிவேட்டு நகலை முதலில் நீங்களே எடுத்துப் பாருங்கள். ஈடு, வழக்கு நிலுவைப் பதிவு, பற்று (பறிமுதல்) அறிவித்தல், எச்சரிக்கைப் பதிவு ஆகிய நாலில் எதுவாவது கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இதெல்லாம் முடியமுன் முற்பணம் கொடுக்கவேண்டி வந்தால், முத்திரையில் கையெழுத்து வைத்த துண்டை நம்பாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு, இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட்டால்தான் காணியைப் பிடிக்கும். வங்கிச் சட்டத்தரணியின் அறிக்கை பாதகமானால் முற்பணம் திருப்பித் தரப்படும் என்ற வாசகத்தை அதில் சேர்ப்பியுங்கள்.

இரண்டாவது சட்டத்தரணி தேவையா

ஒரே சொந்தக்காரர், விலைக்கு வாங்கிய தெளிவான தொடர், முன்பு ஒரு வங்கியில் ஈடு வைத்து மீட்ட காணி என்றால் பட்டியல் சட்டத்தரணி ஒருவரே போதும். தொடரில் நன்கொடை உறுதி, வெளிநாட்டுத் தத்துவம், பிரிவினை, இறந்தவரின் பங்கு என்று இரண்டுக்கு மேல் இருந்தால், உங்களுக்கென்று தனியாக ஒருவரை வைத்து அறுதி உறுதியை அவரைக்கொண்டு எழுதுவிப்பதுதான் சரி. வங்கி சம்மதிக்காவிட்டால், அவரிடம் தொடரை வாசிக்கக் கொடுத்து எழுத்தில் அபிப்பிராயம் மட்டுமாவது எடுங்கள். அந்தச் செலவு காணி விலையோடு பார்த்தால் சொற்பம்.

அறிக்கை பாதகமாக வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடதாசி குறைவு என்றால் எடுக்கலாம். கையெழுத்து குறைவு என்றால் ஆள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. உரித்திலேயே ஓட்டை என்றால் பட்டியலில் இளகிய இன்னொருவரைத் தேடி அதே காணிக்கு "சரி" வாங்க முனையாதீர்கள். அந்த ஓட்டை அப்போதும் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

கையெழுத்து நாளும் அதன் பிறகும்

அறிக்கை எழுதி ஒரு மாதம் போயிருக்கும், அதற்குள் பதிவகத்தில் எதுவும் ஏறலாம். அன்று காலை மறுதேடல் செய்தாரா என்று கேட்டுவிட்டே பேனையை எடுங்கள். முதலில் அறுதி உறுதி, உடன் ஈட்டுறுதி, அதன்பின் விற்பவருக்கு வங்கிக் காசோலை. அட்டவணையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, படத்திலுள்ள துண்டு இலக்கம், சேவயரின் பெயர், திகதி, பரப்பளவு, நாலு எல்லை, அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாவற்றையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தப் பிறகு திருத்த உறுதி எழுதவேண்டும், விற்பவர் அதற்குள் விமானம் ஏறியிருப்பார். ஈட்டுறுதியில் இந்தக் கடன் மட்டும்தான் பிணைக்கப்படுகிறதா, இனி எடுக்கும் வேறு கடனும் கடனட்டையும் சேர்கின்றனவா என்ற பந்தியைக் கட்டாயம் வாசியுங்கள்.

உறுதிகளைப் பதிவுக்குக் கொடுத்ததும் கிடைக்கும் நாளேட்டு இலக்கத்தையும் திகதியையும் அன்றோ மறுநாளோ வாங்கி வையுங்கள். நொத்தாரிசு இரட்டைப்பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குமுன் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். ஆனால் உங்கள் முன்னுரிமை பதிவு நாளைப் பொறுத்தது, 15ஆம் திகதிவரை காத்திருக்கும் ஆள் வேண்டாம். மூல உறுதிகள் வங்கிக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதியெடுங்கள். கடைசித் தவணை கட்டிய நாளில் வங்கி உறுதிகளைத் திருப்பித் தந்தாலும், ஈடு பதிவேட்டில் அப்படியே நிற்கும். ஈடு விடுவிப்பை எழுதுவித்துப் பதியும்வரை கட்டணம் யாருடையது, யார் பதிவார் என்பதை இப்போதே சட்டத்தரணியிடம் கேட்டு எழுதிவையுங்கள்.